பொது நிர்வாக முதுநிலைப் பட்டம்

பொது நிர்வாக முதுநிலைப் பட்டம் என்பது அரசுத் துறைகள், உள்ளாட்சி அமைப்புகள், இலாப நோக்கற்ற அமைப்புகள் ஆகியவற்றில் நிர்வாகப் பொறுப்புகளை ஏற்க விரும்புவோருக்கும் ஏற்கெனவே அவற்றில் பணியாற்றுவோருக்கும் வழங்கப்படும் தொழில்சார் முதுநிலைப் பட்டம் ஆகும். இது ஐக்கிய அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தோன்றிப் பின்னர் பிற நாடுகளுக்கும் பரவியது. அரசறிவியல் முதுகலைப் பட்டம் அரசையும் ஆட்சியையும் ஆராயும் அறிஞரை உருவாக்க முனைகின்றது. இப்பட்டமோ ஓர் அலுவலகத்தையோ திட்டத்தையோ பொறுப்பேற்று நடத்தக்கூடிய நிர்வாகியை உருவாக்க முனைகின்றது. இதன் சேர்க்கைத் தகுதிகளும் பட்டம் பெறுவதற்கான நிபந்தனைகளும் இந்த நோக்கத்தை ஒட்டியே அமைந்துள்ளன.

மருத்துவம், சட்டம் போன்ற துறைகளில் உரிய பட்டம் இன்றித் தொழில் செய்ய இயலாது. பொது நிர்வாகத்தில் அத்தகைய கட்டாயம் இல்லை. இப்பட்டம் இல்லாமலும் ஒருவர் உயர் நிர்வாகி ஆகலாம். இப்பட்டம் பெற்றதனால் மட்டுமே எவருக்கும் அரசுப் பதவி உறுதியாவதும் இல்லை. எனவே இதில் சேர எண்ணும் மாணவர், இது எதைக் கேட்கின்றது, எதைத் தருகின்றது என்பதைத் தெளிவாக அறிந்திருத்தல் அவசியமாகின்றது. இக்கட்டுரை முதன்மையாக ஐக்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் நடைமுறையை விளக்குகின்றது.

பெயர்

இப்பட்டத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துச் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் "எம். பி. ஏ." என வரும். வணிக நிர்வாக முதுநிலைப் பட்டத்தின் சுருக்கமும் தமிழில் இவ்வாறே எழுதப்படுகின்றது. ஆங்கிலத்தில் இரண்டின் நடு எழுத்துகளும் வெவ்வேறானவை. தமிழில் அவ்விரு ஒலிகளுக்கும் பகரம் ஒன்றே பயன்படுவதால் வேறுபாடு மறைந்துவிடுகின்றது. குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டு இக்கட்டுரையில் சுருக்கப்பெயர் பயன்படுத்தப்படவில்லை. முதுநிலைப் பட்டத்தை இலங்கைத் தமிழர் "முதுமாணி" என வழங்குவர். ஆதலால் "பொது நிர்வாக முதுமாணி" என்னும் பெயரும் இதனையே குறிக்கும்.

வரலாறு

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் அரசுப் பதவிகள் தேர்தலில் வென்ற கட்சியின் ஆதரவாளர்களுக்குப் பங்கிட்டுத் தரப்பட்டன. 1881இல் குடியரசுத் தலைவர் சேம்சு கார்பீல்டு, தாம் எதிர்பார்த்த பதவி கிடைக்காத ஒருவரால் சுடப்பட்டு இறந்தார். இந்நிகழ்வுக்குப் பின் சீர்திருத்தக் கோரிக்கை வலுப்பெற்றது. 1883இல் நிறைவேறிய பெண்டில்டன் சட்டம், கூட்டரசுப் பணிகளில் ஒரு பகுதிக்குத் தகுதித் தேர்வின் வழி ஆள் சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தது. தகுதியின் அடிப்படையில் ஆள் எடுப்பதாயின் அத்தகுதியை எங்கே, எவ்வாறு கற்பிப்பது என்ற வினா அதன்பின் எழுந்தது.

1887இல் வூட்ரோ வில்சன், நிர்வாகத்தைத் தனியொரு கல்வித்துறையாகப் பயில வேண்டும் என வலியுறுத்திக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். இவர் பின்னாளில் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானார். எனினும் நடைமுறைப் பயிற்சி முதலில் பல்கலைக்கழகத்தில் தொடங்கவில்லை. நியூயார்க் நகராட்சி ஆய்வுச் செயலகம் என்னும் தனியார் அமைப்பு 1911இல் பொதுப்பணிப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. அங்கே மாணவர்கள் நகராட்சியின் கணக்குகள், கொள்முதல், தெருப் பராமரிப்பு முதலியவற்றை நேரில் ஆராய்ந்து பயின்றனர். 1914இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் நகராட்சி நிர்வாகத்தில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. 1924இல் நியூயார்க் பயிற்சிப் பள்ளியின் பணி சிராக்கியூசு பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டு, அங்கே மாக்சுவெல் பள்ளி நிறுவப்பட்டது. இப்பள்ளியின் பொது நிர்வாக முதுநிலைப் படிப்பு இத்துறையின் மிகப் பழமையான படிப்புகளுள் ஒன்றாகும். 1936இல் ஆர்வர்டு பல்கலைக்கழகம் பொது நிர்வாகப் பள்ளி ஒன்றை நிறுவியது. அது 1966இல் சான் எப். கென்னடியின் பெயரைப் பெற்றது.

நகராட்சி அலுவலகத்தில் நேரில் பயிலும் இந்தத் தொடக்ககால வழக்கமே இன்றைய படிப்புகளில் களப் பயிற்சியாகவும் நிறைவுத் திட்டப்பணியாகவும் நீடிக்கின்றது.

தரச்சான்று

ஐக்கிய அமெரிக்காவில் இப்படிப்புகளுக்குத் தரச்சான்று வழங்கும் முதன்மை அமைப்பு "நாசுபா" ஆகும். இது 1970இல் தேசியப் பொது அலுவல்கள், நிர்வாகப் பள்ளிகளின் சங்கமாக உருவானது. 2013 முதல் பொதுக் கொள்கை, அலுவல்கள், நிர்வாகப் பள்ளிகளின் வலையமைப்பு என்ற பெயரைக் கொண்டுள்ளது. இச்சான்று பல்கலைக்கழகம் முழுமைக்கும் தரப்படுவதன்று; குறிப்பிட்ட ஒரு பட்டப்படிப்புக்கே தரப்படுகின்றது. ஒரு படிப்பு தனக்கென வகுத்துக்கொண்ட நோக்கத்தை எந்த அளவுக்கு நிறைவேற்றுகின்றது என்பதைப் பிற பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்களும் பணித்துறையினரும் அடங்கிய குழு நேரில் வந்து ஆய்வு செய்கின்றது. படிப்பைத் தாங்கி நடத்தக் குறைந்தது ஐந்து முழுநேர ஆசிரியர்கள் இருத்தல் வேண்டும் என்பது நியமங்களுள் ஒன்று. முழு அளவிலான தரச்சான்று ஏழு ஆண்டுகளுக்குச் செல்லும்.

2009இல் ஏற்கப்பட்ட நியமங்கள், எந்தெந்தப் பாடங்களைக் கற்பிக்க வேண்டும் எனப் பட்டியலிடுவதை விடுத்து, மாணவர் எவற்றைச் செய்ய வல்லவராக வேண்டும் என்பதை முன்வைத்தன. இதன்படி பட்டம் பெறும் ஒவ்வொருவரிடமும் ஐந்து திறன்கள் எதிர்பார்க்கப்படுகின்றன:

* பொது ஆளுகையில் தலைமை ஏற்று நிர்வகித்தல்
* கொள்கை வகுக்கும் செயன்முறையில் பங்கேற்றுப் பங்களித்தல்
* பகுத்தாய்ந்து, தொகுத்து நோக்கி, சிக்கல்களுக்குத் தீர்வு கண்டு முடிவெடுத்தல்
* பொதுப்பணிக்குரிய நோக்கை எடுத்துரைத்துச் செயலில் காட்டுதல்
* பல்வகைப் பின்னணி கொண்ட பணியாளருடனும் குடிமக்களுடனும் பயன்தரும் வகையில் தொடர்பாடல்

இத்தரச்சான்றை நாடுவது கட்டாயம் அன்று. பெயர் பெற்ற சில பள்ளிகள் இதனைப் பெறாமலேயே படிப்பை நடத்துகின்றன. ஆனால் அதிகம் அறியப்படாத ஒரு நிறுவனத்தின் படிப்பை மதிப்பிட விரும்பும் மாணவருக்கு இச்சான்று நம்பத்தக்க முதல் அடையாளமாக உதவுகின்றது.

சேர்க்கைத் தகுதிகள்

இளநிலைப் பட்டம்

ஏற்புடைய பல்கலைக்கழகம் ஒன்றில் பெற்ற இளநிலைப் பட்டம் அடிப்படைத் தகுதி ஆகும். அப்பட்டம் எத்துறையில் அமைய வேண்டும் என்ற வரையறை பெரும்பாலும் இல்லை. அரசறிவியல், பொருளியல் மாணவர்களுடன் பொறியியல், செவிலியம், வரலாறு, சமூகப்பணி ஆகியவற்றைப் பயின்றவர்களும் சேர்கின்றனர். பொதுப்பணி என்பது சாலை, குடிநீர், மருத்துவமனை, காவல், கல்வி எனப் பல துறைகளைத் தழுவியது ஆதலின், பலதரப்பட்ட முன்கல்வி உடையோர் ஒரே வகுப்பில் இருப்பது பயனுள்ளதாகக் கருதப்படுகின்றது. எனினும் அமெரிக்க அரசாங்க அமைப்பு, தொடக்கநிலைப் புள்ளியியல், நுண்பொருளியல் ஆகியவற்றை முன்னர்ப் பயிலாதவர் அவற்றை முதற்பருவத்துக்கு முன்போ அப்பருவத்திலோ முடிக்குமாறு சில பள்ளிகள் கேட்கின்றன. இத்தகைய முன்தேவைப் பாடங்கள் பெரும்பாலும் பட்டத்துக்கான அலகுகளில் சேர்த்துக்கொள்ளப்படுவதில்லை.

தரப்புள்ளிச் சராசரி

நான்கு புள்ளி அளவுகோலில் 3.0 என்பது பல பள்ளிகள் எதிர்பார்க்கும் குறைந்தபட்ச இளநிலைச் சராசரி ஆகும். இதற்குச் சற்றுக் குறைவாகப் பெற்றோரை நிபந்தனையுடன் சேர்க்கும் வழக்கமும் உண்டு. அவ்வாறு சேர்ந்தவர் முதற்பருவத்தில் குறிப்பிட்ட தரத்தைக் காட்டினால் முழுமையான மாணவராக ஏற்கப்படுவார்.

நுழைவுத் தேர்வு

நீண்ட காலமாக ஜி. ஆர். ஈ. எனப்படும் பட்டதாரிப் பொதுத் தேர்வின் மதிப்பெண் கேட்கப்பட்டு வந்தது. மொழித்திறன், கணியத்திறன், பகுப்பாய்வு எழுத்து என மூன்று பிரிவுகள் கொண்ட இத்தேர்வு, 2023 செப்டம்பர் முதல் இரண்டு மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவான காலத்தில் நடத்தப்படுகின்றது. இதன் மதிப்பெண் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். 2020இல் கொரோனாத் தொற்றுக் காலத்தில் தேர்வு மையங்கள் மூடப்பட்டபோது பல பள்ளிகள் இத்தேவையைத் தளர்த்தின. அவற்றுள் பல பின்னர் அதனை விருப்பத்துக்கு விட்டுவிட்டன. சில முற்றிலும் நீக்கிவிட்டன. மதிப்பெண் கட்டாயம் இல்லாத இடத்திலும், கணிதப் பின்னணி குறைந்த விண்ணப்பதாரர் தம் ஆற்றலைக் காட்ட அதனை அனுப்புவது உண்டு.

நோக்க அறிக்கையும் பரிந்துரைக் கடிதங்களும்

விண்ணப்பத்துடன் நோக்க அறிக்கை ஒன்றும் இரண்டு அல்லது மூன்று பரிந்துரைக் கடிதங்களும் தன்விவரக் குறிப்பும் இணைக்கப்படல் வேண்டும். நோக்க அறிக்கையில் விண்ணப்பதாரர் எந்தப் பொதுச் சிக்கலில் ஈடுபாடு கொண்டுள்ளார், அது எவ்வாறு ஏற்பட்டது, இப்படிப்பு அதற்கு எவ்வகையில் உதவும் என்பன விளக்கப்படுகின்றன. நாட்டுக்குத் தொண்டாற்றும் ஆர்வம் உண்டு எனப் பொதுப்படக் கூறுவதைவிட, தாம் நேரில் கண்ட ஒரு குறையையும் அதற்கான காரணத்தையும் தெளிவாக எழுதுவதே தேர்வுக் குழுவுக்கு விண்ணப்பதாரரை அடையாளம் காட்டும். பரிந்துரைக் கடிதங்களுள் ஒன்றேனும் அவரது கல்வித்திறனை அறிந்த ஆசிரியரிடமிருந்து வருவது விரும்பப்படுகின்றது. பணியில் இருப்போர் தம் மேலதிகாரியின் கடிதத்தையும் அளிக்கலாம்.

பணி அனுபவம்

இவ்வகையில் பள்ளிக்குப் பள்ளி பெரும் வேறுபாடு உண்டு. இளநிலை முடித்தவுடன் சேர்பவரை ஏற்கும் படிப்புகள் பல உள்ளன. சில பல்கலைக்கழகங்களில் இளநிலையையும் இப்பட்டத்தையும் இணைத்து ஐந்து ஆண்டுகளில் முடிக்கும் வழியும் உண்டு. மறுமுனையில், பணியிடை நிர்வாகிகளுக்கான படிப்புகள் கணிசமான அனுபவத்தைக் கோருகின்றன. ஆர்வர்டு கென்னடிப் பள்ளியின் ஓராண்டுப் பணியிடைப் படிப்புக்குக் குறைந்தது ஏழு ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும். சிங்கப்பூரின் குடியரசுத் தலைவராக 2023இல் தேர்ந்தெடுக்கப்பட்ட, தமிழ் வழித்தோன்றலான தர்மன் சண்முகரத்தினம், ஐக்கிய நாடுகள் அவையின் முன்னாள் பொதுச்செயலர் பான் கி மூன் ஆகியோர் கென்னடிப் பள்ளியில் பொது நிர்வாக முதுநிலைப் பட்டம் பெற்றவர்கள். இருவருமே அரசுப் பணியில் இருந்த நிலையில் அங்கு பயின்றவர்கள்.

வெளிநாட்டு மாணவர்

ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாகக் கொள்ளாத நிறுவனங்களில் பயின்றவர்கள் தோபல், ஐ. இ. எல். டி. எசு. முதலிய ஆங்கிலத் தேர்வுகளில் ஒன்றில் தேறல் வேண்டும். ஐ. இ. எல். டி. எசு. தேர்வில் 6.5 அல்லது 7.0 என்பது பரவலாகக் கேட்கப்படும் அளவு ஆகும்.

இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் மாணவருக்கு மூன்றாண்டு இளநிலைப் பட்டம் ஒரு தடையாக அமையலாம். அமெரிக்க இளநிலைப் பட்டம் நான்காண்டுக் காலத்தது. மூன்றாண்டுப் பட்டத்தைச் சில பள்ளிகள் நிகராக ஏற்கின்றன. வேறு சில, கூடுதலாக ஓராண்டுப் படிப்போ முதுகலைப் பட்டமோ இருந்தால் மட்டுமே ஏற்கின்றன. சான்றிதழ் மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் அறிக்கையைக் கேட்கும் பள்ளிகளும் உண்டு. விண்ணப்பக் கட்டணம் பொதுவாகத் திருப்பித் தரப்படுவதில்லை ஆதலால், இதனை விண்ணப்பிக்குமுன் எழுத்து மூலம் கேட்டறிவது நன்று. இந்தியாவின் 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின்படி தொடங்கப்பட்ட நான்காண்டு இளநிலைப் பட்டங்களைப் பயின்றோருக்கு இத்தடை எழுவதில்லை.

இடம் கிடைத்த பின், முதலாண்டுச் செலவுக்கான நிதி உள்ளது எனக் காட்டினால் மட்டுமே மாணவர் நுழைவிசைவுக்கான படிவத்தைப் பல்கலைக்கழகம் வழங்கும்.

பட்டம் பெறுவதற்கான நிபந்தனைகள்

பாட அலகுகள்

அமெரிக்க முறையில் படிப்பின் அளவு பாட அலகுகளால் (கிரெடிட்) கணக்கிடப்படுகின்றது. வாரத்துக்கு மூன்று மணிநேர வகுப்பாக ஒரு பருவம் நடைபெறும் பாடம் மூன்று அலகுகள் பெறும். பெரும்பாலான படிப்புகள் 36 முதல் 48 அலகுகள் வரை கோருகின்றன. அதாவது 12 முதல் 16 பாடங்கள் முடித்தல் வேண்டும். முழுநேர மாணவர் இதனை ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுகளில் முடிப்பர். பணியில் இருந்துகொண்டு மாலை வகுப்புகளிலோ இணையவழியிலோ பயில்வோர் மூன்று, நான்கு ஆண்டுகள் எடுத்துக்கொள்வர்.

மையப் பாடங்கள்

மொத்த அலகுகளில் ஏறத்தாழப் பாதி அளவு அனைவரும் பயில வேண்டிய மையப் பாடங்களாகும். பெயர்கள் மாறினும் கீழ்க்காண்பவை பொதுவாக இடம்பெறுகின்றன:

* பொது நிர்வாகத்தின் அடிப்படைகள்: அரசின் கிளைகள், தேர்ந்தெடுக்கப்பட்டோருக்கும் பணியாளருக்கும் இடையிலான உறவு, பொறுப்புக் கூறல்.
* பொது வரவுசெலவும் நிதி நிர்வாகமும்: வரவுசெலவுத் திட்டம் தயாரித்தல், வரி வருவாயை முன்கணித்தல், கடன் பத்திரங்கள், தணிக்கை அறிக்கையைப் படித்தறிதல்.
* மனிதவள நிர்வாகம்: தகுதிமுறைப் பணியமர்த்தம், ஊதிய அமைப்பு, தொழிற்சங்கத்துடனான பேச்சுவார்த்தை.
* அமைப்புக் கோட்பாடு: அலுவலகங்கள் எவ்வாறு முடிவெடுக்கின்றன, ஏன் தவறுகின்றன என்பது.
* ஆய்வு முறைகளும் புள்ளியியலும்: மாதிரியெடுப்பு, கருத்தாய்வு, மாறிகளுக்கிடையிலான தொடர்பை அளவிடல்.
* கொள்கைப் பகுப்பாய்வும் திட்ட மதிப்பீடும்: செலவு-பயன் ஒப்பீடு, ஒரு திட்டம் பயன் தந்ததா எனக் கண்டறிதல்.
* நிர்வாகச் சட்டமும் அறநெறியும்.

கலைப்பாடப் பின்னணி உடையோர் பலர் புள்ளியியலையும் வரவுசெலவுப் பாடத்தையும் கடினமாகக் காண்கின்றனர். ஆயினும் இவை இரண்டுமே தவிர்க்க இயலாத பாடங்களாக வைக்கப்பட்டுள்ளன. ஓர் அரசு எதை முதன்மையாகக் கருதுகின்றது என்பது அதன் வரவுசெலவுத் திட்டத்திலேயே புலப்படும். அதனைப் படிக்க இயலாத நிர்வாகி பிறர் எடுத்த முடிவுகளை நிறைவேற்றுபவராக மட்டுமே இருப்பார்.

சிறப்புப் பிரிவு

மையப் பாடங்களுக்குப் பின் மாணவர் ஒரு சிறப்புப் பிரிவைத் தெரிந்து, அதில் மூன்று முதல் ஐந்து பாடங்கள் பயில்வர். உள்ளாட்சி நிர்வாகம், இலாப நோக்கற்ற அமைப்புகளின் நிர்வாகம், நலவாழ்வுக் கொள்கை, சுற்றுச்சூழல் கொள்கை, பேரிடர் மேலாண்மை, பன்னாட்டு வளர்ச்சி என்பன பரவலாக உள்ள பிரிவுகள். சட்டம், பொது நலவாழ்வு, நகரத் திட்டமிடல் ஆகியவற்றின் பட்டங்களோடு இணைத்து இரட்டைப் பட்டம் பெறும் வழியும் பல இடங்களில் உண்டு. சில பாடங்கள் இரு பட்டங்களுக்கும் பொதுவாகக் கணக்கிடப்படுவதால் தனித்தனியே பயில்வதைவிடக் காலம் குறையும்.

களப் பயிற்சி

முன் அனுபவம் இல்லாத மாணவர் அரசு அலுவலகம் ஒன்றிலோ இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்றிலோ களப் பயிற்சி (இன்டர்ன்சிப்) முடித்தல் வேண்டும். மூன்று அலகுகளுக்கு 300 மணிநேரம் என்பது பல படிப்புகளில் காணப்படும் அளவு. பயிற்சியின்போது மாணவர் செய்த பணிகளின் குறிப்பேடும் இறுதியில் ஓர் அறிக்கையும் அளிக்கப்படல் வேண்டும். அலுவலக மேற்பார்வையாளரும் தம் மதிப்பீட்டை எழுதுவார். போதிய பொதுத்துறை அனுபவம் உடையோருக்கு இந்நிபந்தனை தளர்த்தப்படுகின்றது. வெளிநாட்டு மாணவர் களப் பயிற்சிக்குக் குடிவரவு விதிகளின்படி முன் அனுமதி பெறுதல் வேண்டும். இவ்வனுமதி பொதுவாக ஒரு கல்வியாண்டை முடித்த பின்னரே கிடைக்கும்.

நிறைவுத் திட்டப்பணி

படிப்பின் இறுதியில் மாணவர் தாம் கற்றவற்றை ஒருசேரப் பயன்படுத்தும் பணி ஒன்றைச் செய்து காட்டுதல் வேண்டும். ஆய்வேடு எழுதுதல், முழுமைத் தேர்வு எழுதுதல், தம் பணிகளின் தொகுப்பை அளித்தல் எனப் பல வடிவங்கள் உள்ளன. நிறைவுத் திட்டப்பணியே இவற்றுள் பெருவழக்காக உள்ளது. இதில் மாணவர் தனியாகவோ குழுவாகவோ உண்மையான அமைப்பு ஒன்றுக்காக ஒரு சிக்கலை ஆராய்ந்து பரிந்துரை வழங்குவர்.

எடுத்துக்காட்டாக, ஒரு சிறு நகரின் மன்றம் தன் நூலகத்தை மாலையில் மேலும் இரண்டு மணிநேரம் திறந்து வைக்கலாமா எனக் கேட்பதாகக் கொள்வோம். மாணவர் குழு முதலில் கூடுதல் ஊதியம், மின்சாரம், காவல் ஆகியவற்றின் செலவைக் கணக்கிடும். பின்னர் எந்த நேரத்தில் எத்தனை பேர் வருகின்றனர் என எண்ணும். நூலகத்துக்கு வருவோரிடம் மட்டும் கேட்டால், நேரம் பொருந்தாமையால் வராமலே இருப்போரின் தேவை தெரியாமல் போய்விடும். எனவே வராதோரிடமும் கருத்தறிய வழி காணும். அதே தொகையில் காலை நேரத்தைக் குறைத்து மாலையை நீட்டுவது போன்ற மாற்று வழிகளையும் ஒப்பிடும். இறுதியில் சில பக்கங்களில் அடங்கும் கொள்கைக் குறிப்பொன்றை எழுதி மன்ற உறுப்பினர் முன் விளக்கும். மக்களிடம் நேரடியாகத் தரவு திரட்டும் ஆய்வுகளுக்குத் தேவைக்கேற்பப் பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் இசைவும் முன்னரே பெறப்படல் வேண்டும்.

தரநிலையும் கால வரம்பும்

பட்டம் பெற 4.0க்கு 3.0 என்ற சராசரியைப் படிப்பு முழுவதும் பேணுதல் வேண்டும். இதற்குக் கீழே சென்றவர் எச்சரிக்கை நிலையில் வைக்கப்படுவார். குறித்த காலத்துக்குள் உயர்த்தாவிடின் நீக்கப்படலாம். அனைத்து நிபந்தனைகளையும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் முடித்தல் வேண்டும் என்ற வரம்பு பொதுவாக உண்டு. பிற பல்கலைக்கழகத்தில் முதுநிலை மட்டத்தில் பயின்ற பாடங்களில் ஒரு சிறு பகுதியே மாற்றி ஏற்கப்படும்.

தொடர்புடைய பட்டங்கள்

பொதுக் கொள்கை முதுநிலைப் பட்டம் 1960களின் இறுதியில் உருவானது. இது பொருளியல், கணிய முறைகள் ஆகியவற்றுக்கு முதன்மை தந்து, எந்தக் கொள்கையை ஏற்கலாம் என ஆராய்வதில் கருத்தைச் செலுத்துகின்றது. பொது நிர்வாகப் பட்டம், ஏற்கப்பட்ட கொள்கையை எவ்வாறு நடைமுறைப்படுத்துவது என்பதில் கருத்தைச் செலுத்துகின்றது. இன்று இரு பட்டங்களின் பாடத்திட்டங்களும் பெரிதும் நெருங்கி வந்துள்ளன. ஆதலால் பட்டத்தின் பெயரை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல் பாடப் பட்டியலை ஒப்பிட்டுப் பார்ப்பதே பொருத்தமாகும்.

வணிக நிர்வாகப் பட்டத்துடன் கணக்கியல், மனிதவளம் போன்ற பாடங்கள் பொதுவாக உள்ளன. எனினும் தனியார் நிறுவனத்தின் வெற்றியை இலாபம் கொண்டு அளக்கலாம். அரசு மருத்துவமனைக்கோ தீயணைப்புத் துறைக்கோ அத்தகைய ஒற்றை அளவுகோல் இல்லை. இவ்வேறுபாடே இரு படிப்புகளையும் பிரிக்கின்றது.

செலவும் நிதி உதவியும்

மாநிலப் பல்கலைக்கழகங்களில் அம்மாநிலத்தவருக்குக் கட்டணம் குறைவு. பிற மாநிலத்தவரும் வெளிநாட்டவரும் கூடுதலாகச் செலுத்துவர். தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணம் மிகுதி. பிரின்சுடன் பல்கலைக்கழகத்தின் இரண்டாண்டுப் பொது அலுவல்கள் முதுநிலைப் படிப்பு, தேர்ந்தெடுக்கப்படுவோருக்குக் கட்டணச் செலவை முழுமையாக ஏற்கும் அரிய எடுத்துக்காட்டு ஆகும். ஆய்வு உதவியாளர் பணி மூலம் கட்டணச் சலுகை பெறும் வாய்ப்பு சில இடங்களில் உண்டு.

அமெரிக்கக் குடிமக்கள் கூட்டரசுக் கல்விக் கடன் பெறலாம். 2007இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, அரசிலோ தகுதியுடைய இலாப நோக்கற்ற அமைப்பிலோ முழுநேரமாகப் பணியாற்றிக்கொண்டு 120 மாதத் தவணைகளைச் செலுத்தியவரின் எஞ்சிய கூட்டரசுக் கடன் தள்ளுபடி செய்யப்படும். இதனால் குறைந்த ஊதியமுள்ள பொதுப்பணியை ஏற்கத் துணிந்தோர் பலர். ஆனால் 2025இல் நிறைவேறிய சட்டம், பட்டமேற்படிப்புக்கான கூடுதல் கூட்டரசுக் கடனைப் புதிய கடனாளருக்கு 2026 சூலை 1 முதல் நிறுத்தவும், பட்டமேற்படிப்பு மாணவர் பெறும் கடனுக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 டாலர் என உச்ச வரம்பு விதிக்கவும் வகை செய்தது. வெளிநாட்டு மாணவருக்குக் கூட்டரசுக் கடன் கிடைப்பதில்லை.

பட்டத்துக்குப் பின்

பட்டம் பெற்றோர் நகர மேலாளர் அலுவலகம், மாநில வரவுசெலவுத் துறை, பள்ளி மாவட்டம், மருத்துவமனை, அறக்கட்டளை, ஆலோசனை நிறுவனம் முதலியவற்றில் பணி ஏற்கின்றனர். கூட்டரசுப் பணிக்குள் நுழைய, குடியரசுத் தலைவர் மேலாண்மைப் பயிற்சித் திட்டம் 1977 முதல் பட்டமேற்படிப்பு முடித்தோருக்கு ஒரு முதன்மையான வாயிலாக இருந்தது. 2025 பிப்ரவரியில் வெளியான நிர்வாக ஆணையினால் அது முடிவுக்கு வந்தது. அதன்பின் மாநில, உள்ளாட்சி அரசுகளின் பணிகளே இளம் பட்டதாரிகளுக்குக் கூடுதல் முக்கியத்துவம் பெற்றுள்ளன.

கூட்டரசின் போட்டிமுறைப் பணிகள் 1976ஆம் ஆண்டு நிர்வாக ஆணையின்படி, அரிய விலக்குகள் நீங்கலாக, குடிமக்களுக்கே உரியவை. வெளிநாட்டு மாணவர் படிப்பு முடிந்தபின் 12 மாதங்கள் விருப்பச் செயன்முறைப் பயிற்சியாகப் பணியாற்றலாம். அவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகம், இலாப நோக்கற்ற அமைப்பு, பன்னாட்டு அமைப்பு ஆகியவற்றையே நாட வேண்டியுள்ளது. அமெரிக்க அரசில் பதவி பெறலாம் என்ற எண்ணத்துடன் கடன் பெற்றுச் சேரும் வெளிநாட்டு மாணவர் ஏமாற்றம் அடைய நேரிடும். தம் நாட்டுப் பணியில் இருந்து விடுப்புப் பெற்றுப் பயிலச் செல்வோருக்கு இச்சிக்கல் இல்லை.

இந்தியாவில்

சென்னைப் பல்கலைக்கழகம் 1937இல் பொது நிர்வாகத்தில் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. நாகபுரிப் பல்கலைக்கழகம் 1949இல் இத்துறைக்கெனத் தனித் துறையை ஏற்படுத்தியது. மாக்சுவெல் பள்ளியின் முதல்வராக இருந்த பால் ஆப்பிள்பி இந்திய அரசின் அழைப்பின் பேரில் இந்திய நிர்வாகத்தை ஆராய்ந்து 1953இல் அறிக்கை அளித்தார். அதன் பரிந்துரையை ஒட்டி 1954இல் புதுதில்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் அமைக்கப்பட்டது.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் இது பெரும்பாலும் இரண்டாண்டு முதுகலைப் பட்டமாக உள்ளது. ஏதேனும் ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டம் பெற்றோர் பல இடங்களில் சேரலாம். அமெரிக்கப் படிப்போடு ஒப்பிடும்போது கோட்பாட்டுப் பாடங்களும் பருவத் தேர்வுகளும் இங்கு மிகுதி. களப் பயிற்சியின் பங்கு குறைவு. இதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் நிர்வாகிகள் போட்டித் தேர்வின் மூலம் முதலில் தெரிவு செய்யப்பட்டு, அதன் பின்னரே அரசின் பயிற்சி நிறுவனங்களில் பயிற்சி பெறுகின்றனர். குடிமைப் பணித் தேர்வுக்கும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் முதல் தொகுதித் தேர்வுக்கும் ஏதேனும் ஓர் இளநிலைப் பட்டமே போதுமானது. 1987 முதல் பொது நிர்வாகம் குடிமைப் பணித் தேர்வில் விருப்பப் பாடமாக உள்ளதால், அத்தேர்வுக்கு ஆயத்தமாவோர் பலர் இம்முதுகலையைப் பயில்கின்றனர்.

விமர்சனங்கள்

நிர்வாகத்தை வகுப்பறையில் கற்பிக்க இயலுமா என்ற ஐயம் இத்துறையின் தொடக்கம் முதலே இருந்து வருகின்றது. எர்பர்ட் சைமன் 1946இல் எழுதிய கட்டுரையில், நிர்வாகக் கொள்கைகள் எனக் கற்பிக்கப்படுபவை ஒன்றுக்கொன்று முரணான பழமொழிகளைப் போன்றவை என்றும், எதற்கும் எதிரான மற்றொன்றைக் காட்ட முடியும் என்றும் வாதிட்டார். 1968இல் டுவைட் வால்டோவின் முயற்சியால் மின்னோபுரூக் என்னுமிடத்தில் கூடிய இளம் அறிஞர்கள், திறமை, சிக்கனம் ஆகியவற்றை மட்டும் பேசும் கல்வி சமூக நீதியை மறந்துவிடுகின்றது எனக் குறை கூறினர். அதன் தாக்கத்தால் சமத்துவம் பற்றிய பாடங்கள் பாடத்திட்டத்தில் இடம்பெற்றன.

படிப்பின் செலவுக்கும் பொதுப்பணி ஊதியத்துக்கும் உள்ள இடைவெளி மற்றொரு குறையாகச் சுட்டப்படுகின்றது. தகுதி உடைய ஏழை மாணவர் இதனால் விலகி நிற்க நேர்ந்தால், மக்கள் அனைவருக்குமான நிர்வாகம் வசதி படைத்தோரின் கையிலேயே தங்கிவிடும் என்பது இவ்விமர்சனத்தின் சாரம். பணியில் இருப்போருக்கான மாலை வகுப்புகளும் மாநிலப் பல்கலைக்கழகங்களின் இணையவழிப் படிப்புகளும் இவ்விடைவெளியை ஓரளவு குறைத்துள்ளன.

இவற்றையும் பார்க்க

* பொது நிர்வாகம்
* பொதுக் கொள்கை
* அரசறிவியல்
* வணிக நிர்வாக முதுநிலைப் பட்டம்
* இந்தியக் குடிமைப் பணி
* உள்ளாட்சி